ஏழு சீட், ஏழு வருடம், நான்கு மலை

2018-இல் இந்தக் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கியபோது மீட்டரில் 62,000 கிலோமீட்டர் இருந்தது. இப்போது 1,41,000. ஏழு சீட், டீசல், 2014 மாடல். கம்பெனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் புலம்பப்போவதில் பாதிக்கு மேல் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத சங்கதி.

வாங்கும்போது வீட்டில் இருந்த ஒரே கேள்வி, "மலை ஏறுமா?" நாங்கள் ஏழு பேர்: நான், மனைவி, அம்மா, பிள்ளைகள் இரண்டு பேர், தங்கை, மச்சான். வடசென்னையில், தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு உயரம் என்றால் கொருக்குப்பேட்டை மேம்பாலம்தான். அதனால் லீவு விட்டால் எல்லாருக்கும் மலைப் பைத்தியம். ஏலகிரி, ஏற்காடு, கொல்லிமலை, ஊட்டி என்று இதுவரை நான்கு ஏறியாயிற்று.

ஏறும். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் ஏலகிரியின் முதல் வளைவிலேயே ஒரு பாடம் கிடைத்தது. அங்கே மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள்தான். இரண்டாவது கியரிலேயே திருப்பிவிடலாம் என்று நினைத்தேன். இந்த டீசல் வண்டிகளில் டர்போ, அதாவது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுகிற விசிறி, விழித்துக்கொள்ள கொஞ்சம் வேகம் வேண்டும். வளைவில் வேகம் செத்துப்போனால் அதுவும் தூங்கிவிடும். ஏழு பேர் எடையோடு வண்டி இருமி இருமி நின்றேவிட்டது. பின்னால் பஸ்காரர் ஹாரனிலிருந்து கை எடுக்கவில்லை. நடு சீட்டிலிருந்து அம்மா, "ஃபர்ஸ்ட்டப் போடுடா!" என்று கத்தினார். வாழ்நாளில் சைக்கிள்கூட ஓட்டாதவர். அவர் சொன்னதுதான் சரி. அன்றிலிருந்து வளைவு தொடங்குவதற்கு முன்பே ஃபர்ஸ்ட்டுக்கு வந்துவிடுவேன். வளைவுக்குள் போய் கியரைத் தேடக்கூடாது. ஏறும்போது ஏசியை அணைத்தால் இன்னும் கொஞ்சம் தெம்பாக இழுக்கும். மேலே போகப் போக ஏசி எதற்கு, கண்ணாடியை இறக்கினால் போதும்.

கடைசி வரிசை சீட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பின் சக்கரத்துக்கு மேலேயே இருப்பதால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஊஞ்சல் ஆட்டம். சின்னவன் ஏலகிரியில் இரண்டு முறை, ஏற்காட்டில் மூன்று முறை வாந்தி. அப்புறம் இடத்தை மாற்றினோம்: வாந்தி எடுக்கிற ஆட்கள் நடு வரிசை, நானும் மனைவியும் முன்னால், தங்கையும் மச்சானும் கடைசியில். மச்சானுக்கு முழங்கால் தாடையில் இடிக்கும். ஆனால் வாந்தி வராது. ஏழு சீட்டையும் விரித்துவிட்டால் டிக்கியில் இரண்டு ஸ்கூல் பைக்குத்தான் இடம். பெட்டிகளுக்கு மேலே கேரியர் போட்டோம். அதைப் போட்ட பிறகு ஹைவேயில் காற்றுச் சத்தமும் கூடியது, மைலேஜும் ஒரு கிலோமீட்டர் குறைந்தது. ஹைவேயில் 17, 18 வரும். மலைப் பாதையில் 11 வந்தால் சந்தோஷம்.

இனி கொல்லிமலை. 2022 ஜனவரி. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. பிள்ளைகள் ஒவ்வொரு வளைவின் எண் பலகையையும் சத்தம் போட்டு எண்ணிக்கொண்டே வந்தார்கள். ஒரு பிசிறு இல்லாமல் ஏறியது. அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, அம்மாவைக் கோயிலிலேயே உட்காரவைத்துவிட்டு, ஆயிரம் படிக்கு மேல் இறங்கி ஆகாய கங்கை அருவியில் குளித்துவிட்டு வந்தோம்.

மறுநாள் இறங்கும்போதுதான் நான் மண்டையைக் கழற்றி வைத்துவிட்டேன். இறக்கம்தானே என்று மூன்றாவது கியர், காலை பிரேக்கிலேயே வைத்தபடி. முப்பத்துச் சொச்சமாவது பலகைக்கு வந்தபோது ஏதோ கருகுகிற வாடை. எதிரே வந்த டெம்போவில்தான் கிளட்ச் கருகுகிறது என்று நினைத்தேன். அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. வண்டி நிற்கிறது, ஆனால் நான் கேட்ட இடத்தில் நிற்கவில்லை. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கையும் மெதுவாக இழுத்து, கொஞ்சம் அகலமான ஓரத்தில் ஒதுக்கினேன். மச்சான் இறங்கி ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். முன் சக்கரத்திலிருந்து லேசாகப் புகை.

மச்சான் தண்ணீர் கேனைத் தூக்கிவிட்டார். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு மினி லாரி ஓட்டுநர் நிறுத்தி, எட்டிப் பார்த்து, "தண்ணி கிண்ணி ஊத்தீராதீங்க, சூட்டுல டிஸ்க் கோணிக்கும். அரை மணி நேரம் சும்மா வுடுங்க. ஏறுன கியர்லயே எறங்கோணும்ங்ணா" என்று சொல்லிவிட்டுப் போனார். முக்கால் மணி நேரம் நின்றோம். அம்மா புளிசோற்றைப் பிரித்தார். குரங்கு ஒன்று மச்சானின் பன் பாக்கெட்டோடு மரத்துக்குப் போய்விட்டது. சின்னவனுக்கு அந்தப் பயணத்தில் பிடித்த பகுதியே அதுதானாம். எனக்குத்தான் கை நடுக்கம் நிற்கவில்லை. மீதி வளைவுகளை ஃபர்ஸ்ட்டும் செகண்டுமாகவே இறங்கினேன். பிரேக்கை அழுத்துவது, விடுவது, அழுத்துவது, விடுவது. காலை அதன்மேலேயே வைத்திருக்கவில்லை. பெடல் பழையபடி கெட்டியாகவே இருந்தது.

சென்னை திரும்பி வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். பிரேக் ஆயிலைப் பாட்டிலில் இறக்கிக் காட்டினார். டிகாஷன் நிறம். நான்கு வருடமாக நான் சர்வீஸ் விட்ட இடத்தில் இரண்டு பில்லில் 'பிரேக் ஆயில்' என்று போட்டுப் பணம் வாங்கியிருந்தார்கள். மாற்றவே இல்லை. பெயர் வேண்டாம், தெருவில் தினமும் முகம் பார்க்க வேண்டியிருக்கிறது. மெக்கானிக் விளக்கியது இதுதான்: பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். தண்ணீர் சேரச் சேர அது கொதிக்கிற சூடு குறையும். மலை இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது உள்ளே ஆவிக் குமிழ் கிளம்பும். குமிழை அழுத்தலாம், அது அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகாது. அதனால்தான் பெடல் பஞ்சாகிறது. "இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் மாத்தணும் தலைவா. நீ இருக்கிற எடத்துக்கு அதுக்கு முன்னாடியே மாத்து" என்றார். மாற்ற ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை.

நான் இருக்கிற இடம்! வீட்டிலிருந்து கடல் நடந்து போகிற தூரம். காசிமேட்டுக் காற்று ராத்திரி முழுக்க வண்டிமேல் உப்பைத் தடவுகிறது. இந்த ஏழு வருடத்தில் மலை இந்த வண்டியிடமிருந்து எடுத்துக்கொண்டது இரண்டு செட் பிரேக் பேடு. மிச்சம் எல்லாம் வாசலில் போனது. ஏசி கண்டன்சர் உப்பில் பொடிந்து கேஸ் ஒழுகி, ஒருமுறை முழுசாக மாற்றினேன். சைலன்சரில் ஓட்டை. பின் கதவின் அடிப்பகுதி, விரலால் குத்தினால் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. கிளட்ச் பிளேட் 1,10,000-இல் போனது. எல்லாரும் மலை ஏறியதால் என்றார்கள். தினமும் காலையில் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவே அரை கிளட்சில் ஊர்ந்தவன் நான். வருடத்துக்கு நான்கு நாள் மலை எந்த மூலைக்கு?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சீட்டுக்குக் கீழே வரை தண்ணீர். நல்லவேளை, ஸ்டார்ட் செய்து பார்க்கிற புத்தி வரவில்லை. இழுத்துக்கொண்டு போய் கார்பெட்டைப் பிரித்து மொட்டை மாடியில் பத்து நாள் காயப்போட்டோம். சக்கரத்து பேரிங் ஒன்று அதற்குப் பிறகு ஊளையிட ஆரம்பித்தது, அதையும் மாற்றினேன். ஈர நாற்றம் மட்டும் மழைக்காலத்தில் இன்னும் எட்டிப் பார்க்கும்.

அவ்வளவுக்கும் பிறகு 2024 கோடையில் ஊட்டி. அந்த வருடம் மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம் ஆகியிருந்தது. ஆன்லைனில் வண்டி எண், ஆட்கள் எண்ணிக்கை, தேதி கொடுத்தால் போதும், காசு இல்லை. மச்சான் கடைசி நிமிடத்தில் மேட்டுப்பாளையத்தில் டீ குடித்துக்கொண்டே எடுத்தார். நீங்கள் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலும் கொண்டுபோகாதீர்கள், அந்த மாவட்டத்தில் தடை. எவர்சில்வர் கூஜா எங்கள் அம்மாவிடம் எப்போதும் உண்டு.

கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். குன்னூர் தாண்டும்போது பெரியவளுக்குக் காது அடைத்தது. பாரிமுனையில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் தலையணை மாதிரி உப்பிக்கொண்டது. வண்டிக்கு ஒன்றுமே ஆகவில்லை. இறங்கும்போது செகண்ட் கியர். காரில் பேச்சே இல்லை, எல்லார் காதும் என் பிரேக் பெடல்மேல்.

அடுத்து ஜனவரியில் வால்பாறை, ஆழியாறிலிருந்து 40 வளைவு. புதுசாக ஆட்டோமேட்டிக் வாங்கலாம் என்று மச்சான் நச்சரிக்கிறார், முழங்காலுக்காக. இன்னும் இரண்டு வருடம் போகட்டும் என்றிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பிரேக் ஆயில் மாற்றினேன். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பழைய ஆயில் நாலு சக்கரத்திலிருந்தும் பாட்டிலில் இறங்குவதைப் பார்த்த பிறகுதான் பணத்தை எடுத்தேன்.