குடும்பத்தோடு முதல் கப்பல் பயணம்: சேவை குறித்த மதிப்பீடும் சில யோசனைகளும்

கைக்குழந்தை முதல் தாத்தா பாட்டி வரை எல்லோரும் சேர்ந்து போகக்கூடிய விடுமுறை எது என்று கேட்பவர்களுக்கு, பெரிய சொகுசுக் கப்பலைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பெட்டியை ஒரு முறை பிரித்து அடுக்கிவிட்டால் போதும். அதன் பிறகு அறையே நம்மோடு துறைமுகம் துறைமுகமாக வருகிறது. நடக்க முடியாதவர் தளத்தில் அமர்ந்து கடலைப் பார்த்திருக்கலாம், பிள்ளைகள் நீச்சல் குளத்தில் இருக்கலாம், சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் ஒரே மேசையில் கூடலாம். இந்த வசதியில் ஒரு பங்கை மட்டுமே கப்பல் நிறுவனம் தருகிறது. மறு பங்கு, முன்பதிவின் போதும் கப்பலில் ஏறும் நாளிலும் நாம் செய்கிற சில காரியங்களைப் பொறுத்தது. முதல் முறை வருபவர்களுக்கு இதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லும் அக்கறை பல நிறுவனங்களிடம் இல்லை என்பதே இந்தச் சேவையின் மீது எனக்குள்ள முக்கியமான குறை.

கேபினைத் தேர்ந்தெடுக்கும்போது எவ்வளவு பெரியது என்பதைவிட எந்த இடத்தில் இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அலையில் கப்பலின் முன்பகுதியும் பின்பகுதியும் மாறி மாறி ஏறி இறங்கும். நடுப்பகுதி அவ்வளவாக அசையாது. உயரத் தளங்களில் பக்கவாட்டு ஆட்டமும் அதிகம் தெரியும். அந்தப் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கக் கப்பலின் இருபுறமும் நீருக்கடியில் துடுப்புகள் உண்டு என்றாலும், முன்னும் பின்னும் ஏறி இறங்குவதை அவற்றால் பெரிதாகத் தடுக்க முடியாது. ஆகவே குமட்டலுக்கு அஞ்சுபவர்கள் நடுப்பகுதியில் கீழ்த் தளத்துக் கேபினைக் கேட்டு வாங்குவது நல்லது. நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே உள்ள கேபின்களைத் தவிர்க்கலாம். விடியற்காலையிலேயே மேலே நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். சன்னல் இல்லாத உட்புறக் கேபின் மலிவானது, குழந்தைகளின் பகல் தூக்கத்துக்கும் ஏற்றது. ஆனால் விளக்கை அணைத்தால் கும்மிருட்டாகிவிடும் என்பதால் ஒரு சிறு இரவு விளக்கு தேவைப்படும். பால்கனி உள்ள கேபினை எடுத்தால், அங்குள்ள நாற்காலிகளைக் கைப்பிடிக் கம்பியிலிருந்து தள்ளியே வைத்திருக்க வேண்டும். சிறு பிள்ளைகளை ஒரு நொடியும் அங்கே தனியே விடக் கூடாது. தொட்டில் வேண்டுமென்றால் முன்பதிவின் போதே கேட்டுவிட வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் ஆறு மாதம் நிறையாத குழந்தைகளை ஏற்றுவதில்லை. பெருங்கடலைக் கடக்கும் நெடும்பயணங்களுக்கு ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும் என்பார்கள்.

ஏறும் நாளில் துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டிகள் கேபின் வாசலுக்கு வந்து சேரப் பெரும்பாலும் மாலையாகிவிடும். கடவுச்சீட்டு, மருந்துகள், குழந்தைக்கு மாற்றுத் துணி, நீச்சல் உடை ஆகியவை கைப்பையிலேயே இருந்தால், மற்றவர்கள் பெட்டிக்காகக் காத்திருக்கும் அந்தப் பிற்பகலில் கூட்டமில்லாத குளம் உங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்கும். டயப்பர் அணியும் குழந்தைகளைப் பொதுக் குளத்தில் இறக்க அனுமதி கிடையாது, நீச்சலுக்கென்று விற்கும் டயப்பரும் அங்கே செல்லாது. இதை அறியாமல் வந்து குளக்கரையில் ஏமாந்து நிற்கும் பெற்றோரை ஒவ்வொரு கப்பலிலும் பார்க்கலாம். எல்லாக் கப்பலிலும் உயிர்காப்பாளர் இருப்பார் என்று நம்பிவிடவும் கூடாது.

பிள்ளைகளை விளையாட வைத்துப் பார்த்துக்கொள்ளும் குழந்தைகள் மன்றத்தில் பெயர் பதிவு செய்வதை முதல் நாளே முடித்துவிடுங்கள். இந்தச் சேவையில் நான் மிக உயர்வாக மதிப்பது இந்த மன்றங்களைத்தான். பெரும்பாலும் மூன்று வயதிலிருந்து, கழிப்பறைப் பழக்கம் வந்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள்; வயதுவாரியாகப் பிரித்து, பொறுமையாகப் பார்த்துக்கொள்கிறார்கள். யாரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம் என்று பெற்றோர் எழுதிக் கொடுத்தவரைத் தவிர வேறு எவரிடமும் அனுப்புவதில்லை. உணவு ஒவ்வாமை இருந்தால் அதை இங்கும் உணவகத்திலும் தனித்தனியே தெரிவிக்க வேண்டும்.

அவசரகாலப் பயிற்சியைச் சலிப்பான சடங்காக எண்ணித் தட்டிக்கழிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்ததில் 32 பேர் உயிரிழந்தனர். பயணிகள் ஏறிய 24 மணி நேரத்துக்குள் பயிற்சி நடத்தினால் போதும் என்று அன்றைய விதி இருந்ததால், அன்று ஏறியவர்களுக்கு விபத்து நேரும் வரை பயிற்சியே நடந்திருக்கவில்லை. அந்த விபத்துக்குப் பின் விதி திருத்தப்பட்டு, 2015 முதல் கப்பல் புறப்படுமுன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடத்துவது கட்டாயமாயிற்று. ஏழு குறுகிய ஒலிகளும் அவற்றைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் கேட்டால், உங்களுக்கென்று குறிக்கப்பட்ட கூடுமிடத்துக்குச் செல்ல வேண்டும். நாங்கள் சென்ற கப்பலில் ஊழியப் பெண் ஒருவர் முழந்தாளிட்டு, ஒரு சிறுவனின் மணிக்கட்டில் கூடுமிட எண் அச்சிட்ட பட்டையைச் சுற்றினார். பட்டைக்கும் தோலுக்கும் இடையே தம் விரல் நுழைகிறதா என்று பார்த்த பிறகே அழுத்தி மூடினார். பிள்ளை பெற்றோரைவிட்டுத் தனியே இருக்கும்போது அபாயச் சங்கு ஒலித்தால், அவனை எங்கே கொண்டு சேர்ப்பது என்பதை அந்தப் பட்டையைப் பார்த்து எந்த ஊழியரும் அறிந்துகொள்ளலாம். அதைப் பயணம் முடியும்வரை கழற்றாதீர்கள். கேபினில் சிறுவர் அளவு லைஃப் ஜாக்கெட் இல்லையென்றால் அன்றே கேட்டு வாங்குங்கள்.

செலவு விஷயத்தில் நிறுவனங்கள் இன்னும் வெளிப்படையாக இருக்க வேண்டும். கட்டணத்தில் தங்குமிடமும் பொது உணவகங்களும் அடங்கும் என்றாலும், பாட்டில் பானங்கள், வைஃபை, தனி உணவகங்கள், கரைச் சுற்றுலா, புகைப்படங்கள் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் தனியே கொடுக்க வேண்டியிருக்கும். பல கப்பல்களில் ஊழியர்களுக்கான டிப்ஸும் ஆளுக்கு இவ்வளவு என்று நாள்தோறும் கணக்கில் ஏறும், பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். கேபின் அட்டையே பணமாகவும் பயன்படுவதால், பிள்ளைகளின் அட்டையில் செலவு வரம்பு வைக்கும்படி வரவேற்பு மேசையில் சொல்லிவிடலாம். செல்பேசியை ஏரோபிளேன் மோடில் வைக்க வேண்டும். நடுக்கடலில் கப்பலின் செயற்கைக்கோள் வழி நெட்வொர்க்குடன் அது தானாக இணைந்துகொண்டால் ரோமிங் கட்டணம் எக்கச்சக்கமாக ஏறிவிடும்.

குமட்டல் மாத்திரையைக் கப்பல் ஆடத் தொடங்கும் முன்பே போட்டுக்கொண்டால்தான் பலன் தெரியும்; குழந்தைகளுக்கு உரிய அளவை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வருவது நல்லது. குமட்டினால் படிப்பதையும் திரையைப் பார்ப்பதையும் விட்டு, வெளித்தளத்தில் நின்று தொடுவானத்தைப் பார்க்க வேண்டும். வாந்தி பேதியைப் பரப்பும் நோரோவைரஸ், கையில் தேய்த்துக்கொள்ளும் கிருமிநாசினித் திரவத்துக்கு எளிதில் மடங்காது. சாப்பிடும் முன் சோப்பும் தண்ணீரும் கொண்டு கை கழுவுவதே நம்பத்தக்க வழி. கப்பல் மருத்துவமனையில் சிகிச்சைக்குக் கட்டணம் உண்டு. ஆகவே அவசரமாகக் கரைக்குக் கொண்டு செல்லும் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீடு அவசியம்.

துறைமுகங்களில் இறங்கும்போது கப்பல் நேரத்தை ஒரு கைக்கடிகாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செல்பேசி உள்ளூர் நேரத்துக்குத் தானாக மாறிவிடும். ஆனால் திரும்பி ஏறவேண்டிய கெடு பெரும்பாலும் கப்பல் நேரப்படியே இருக்கும். கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்த சுற்றுலா தாமதமானால் காத்திருப்பார்கள், அல்லது அடுத்த துறைமுகத்தில் கொண்டு சேர்ப்பார்கள். சொந்தமாகச் சுற்றப் போனவர்களுக்கு அந்த உறுதி இல்லை. கரையை அணைய முடியாத இடங்களில் சிறு படகில் மாற்றி ஏற்றுவார்கள். தள்ளுவண்டிக் குழந்தையும் சக்கர நாற்காலிப் பெரியவரும் இருந்தால், எந்தத் துறைமுகத்தில் இந்த ஏற்பாடு என்பதை முன்பதிவின் போதே கேட்டறிந்து, அதற்கேற்பப் பயணத்தைத் தேர்வு செய்யுங்கள்.

கடைசி இரவு, ஊழியர்கள் எடுத்துச் செல்வதற்காகப் பெட்டிகளைக் கேபின் வாசலில் வைத்துவிட வேண்டும். மறுநாள் உடுத்தும் உடை, செருப்பு, மருந்து, கடவுச்சீட்டு ஆகியவற்றைத் தனியே எடுத்து வைத்த பிறகே பெட்டியைப் பூட்டுங்கள். கணக்கையும் அன்றிரவே வரி வரியாகச் சரிபார்த்துவிடுவது நல்லது, ஏனெனில் இறங்கும் நாள் காலையில் வரவேற்பு மேசையின் வரிசை மிக நீளமாக இருக்கும்.