வாட்ச் ஸ்ட்ராப் அரிப்பு: தடிப்பின் வடிவமே காரணத்தைச் சொல்லும்

ஸ்போர்ட்ஸ் வாட்ச் கட்டிய இடத்தில் அரிப்பு வந்ததும், 'சிலிகான் ஒத்துக்கொள்ளவில்லை' என்று முடிவு செய்து பலர் வேறு ஸ்ட்ராப் வாங்கிவிடுகிறார்கள். சிலிகானுக்கே ஒவ்வாமை வருவது மிக அபூர்வம். மாதக்கணக்கில், இரவு பகலாகக் கட்டுபவர்களுக்கு வரும் தடிப்பில் பெரும்பகுதி ஸ்ட்ராப்புக்கு அடியில் தேங்கும் ஈரத்தாலும் சோப்பாலும் உராய்வாலும் வருவது. அதற்கு ஸ்ட்ராப்பை மாற்றினால் போதாது, கட்டும் பழக்கத்தை மாற்ற வேண்டும்.

வாட்சைக் கழற்றி, வெளிச்சத்தில் கையைத் திருப்பிப் பாருங்கள். ஸ்ட்ராப்பின் அகலத்துக்கு ஒரு வளையமாக எரிச்சலும் சொரசொரப்பும் இருந்தால் அது ஈரம், சோப்பு, உராய்வு. பக்கிள் அமரும் இடத்தில் மட்டும் திட்டாக இருந்தால் அதிலுள்ள நிக்கல் என்ற உலோகத்தைச் சந்தேகிக்கலாம். வாட்சின் முதுகு பதிந்த வடிவத்தில் இருந்தால் சென்சாரைச் சுற்றிய விளிம்பில் படிந்த அழுக்கும் வியர்வை உப்பும் காரணமாக இருக்கலாம்; வாட்சை ஒட்டிய பசையிலிருந்து மிஞ்சிய அக்ரிலேட் என்ற ரசாயனமாகவும் இருக்கலாம். சென்சாரின் பச்சை ஒளி தோலைச் சுடுகிறது என்ற பயம் வேண்டாம். தடிப்பு ஸ்ட்ராப்பின் எல்லையைத் தாண்டிப் பரவினால் ஒவ்வாமை. ஓரம் தடித்து, நடுப்பகுதி தெளிந்து, வட்டம் பெரிதாகிக்கொண்டே போனால் அது படர்தாமரை. அதற்கு வேறு மருந்து.

இணையத்தில் காணும் படங்களில் தோல் சிவந்திருக்கும். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு தெளிவாகத் தெரியாது. கருஞ்சாம்பலாகவோ ஊதா சாயலாகவோ தெரியும், அல்லது தொட்டால்தான் தெரியும். 'சிவக்கவில்லையே' என்று தொடர்ந்து கட்டினால் ஆறிய பிறகு கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும்.

காலமும் ஒரு தடயம். ஈரத்தால் வந்தது, கழற்றிவைத்த சில நாட்களில் அடங்கும். ஒவ்வாமை அப்படியல்ல. கட்டிய ஒன்று முதல் மூன்று நாட்களுக்குப் பிறகு தலைகாட்டும், கழற்றிய பிறகும் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். பல மாதங்கள் தொல்லையின்றிக் கட்டிய ஸ்ட்ராப்புக்கும் திடீரென ஒவ்வாமை வரலாம். 'இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே' என்பதை வைத்து எதையும் தள்ளிவிட முடியாது.

ஈரம் ஏன் இப்படிச் செய்கிறது? வெகுநேரம் பாத்திரம் தேய்த்த கைவிரல்கள் ஊறி வெளுப்பதைப் பார்த்திருப்போம். ஸ்ட்ராப்புக்கு அடியில் அதே ஊறல் தினமும் நடக்கிறது. ஊறிய மேல்தோல் காப்பு வலிமையை இழக்கிறது. அதன்மேல் குளியல் சோப்பின் காரமும் சன்ஸ்க்ரீனும் கைகழுவும் சானிடைசரும் தேங்கி நிற்க, ஓடும்போது வாட்ச் ஆடித் தேய்க்கிறது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் கோடையில் வியர்வை தானாகக் காயாது என்பதால் வியர்க்குருவும் சேர்ந்துகொள்ளும். வாட்சுக்கு அருகிலேயே சாமிக்கயிறு கட்டியிருந்தால் அதையும் கவனிக்க வேண்டும்: குளித்த பின் வெகுநேரம் ஈரத்தைப் பிடித்துவைத்து ஸ்ட்ராப்பின் ஓரத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். கயிற்றை மறு கைக்கு மாற்றுவதே எளிய வழி.

இறுக்கம் பற்றித்தான் அதிகக் குழப்பம். இதயத்துடிப்பு சரியாகப் பதிய, ஓடும்போது வாட்ச் மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே ஆடாமல் உட்கார வேண்டும். ஆனால் ஓடி முடித்ததும் ஒன்றிரண்டு துளை தளர்த்தி, சுண்டுவிரல் உள்ளே நுழையும்படி விட வேண்டும். இந்த ஒரு பழக்கத்தை விடுவதால்தான் பாதித் தொல்லை. தூக்கப் பதிவு வேண்டுமென்றால் இரவில் மறு கைக்கு மாற்றிக் கட்டுங்கள். குளிக்கும் நேரம்தான் சார்ஜ் போட நல்ல நேரம். சோப்பும் உள்ளே போகாது, தோலும் காற்று வாங்கும்.

ஸ்ட்ராப்பைச் சுத்தம் செய்ய ஐந்து நிமிடம் போதும். வியர்க்கும் பயிற்சி முடிந்த ஒவ்வொரு முறையும், நீச்சல் குளத்திலிருந்தோ கடலிலிருந்தோ வந்த பிறகும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். வாரம் இருமுறை ஸ்ட்ராப்பைக் கழற்றி, வாசனையற்ற மென்மையான முகக்கழுவி ஒரு சொட்டு விட்டு, மென்மையான பல்துலக்கியால் துளைகளையும் பக்கிளின் இடுக்கையும் ஸ்ட்ராப்பைப் பிடிக்கும் கம்பி நுழையும் மூலையையும் தேயுங்கள். தேய்ப்பதைவிட அலசுவது முக்கியம். மிஞ்சிய சோப்பு அழுக்கைவிடத் தோலைக் கெடுக்கும். கிருமிநாசினித் திரவத்தில் ஊறவைக்க வேண்டாம். துடைத்து, காற்றில் முழுதாகக் காய்ந்த பிறகே, காய்ந்த கையில் கட்ட வேண்டும். தேங்காய் எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ தடவினால் அது உள்ளிறங்கும் வரை வாட்ச் வேண்டாம். டீட் கலந்த கொசு விரட்டி பிளாஸ்டிக்கையே அரிக்கும். பூசிய கையில் கட்டாதீர்கள்.

இனி ஸ்ட்ராப்புகள். சிலிகான் மலிவு, கழுவ எளிது, ஆனால் காற்றே புகாது. உள்பக்கம் பள்ளக் கோடுகளோ துளைகளோ உள்ளதை எடுப்பது நல்லது. ஓரம் பிசிறினாலோ பிசுபிசுத்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. ஃப்ளூரோ எலாஸ்டமர் என்ற செயற்கை ரப்பர் வழவழப்பானது, எண்ணெய் பிடிக்காது, ஆனால் அதிலும் காற்று புகாது. 2024 டிசம்பரில் வெளியான அமெரிக்க நோட்ர டாம் பல்கலைக்கழக ஆய்வு, 22 ஸ்ட்ராப்புகளைச் சோதித்து, இவ்வகையில் பி.எஃப்.எச்.எக்ஸ்.ஏ என்ற, எளிதில் சிதையாத ரசாயனம் இருப்பதைச் சொன்னது. அது அரிப்பைப் பற்றிய ஆய்வல்ல என்றாலும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. தோல் ஸ்ட்ராப் வியர்வைக்கு ஆகாது. குரோமியத்தில் பதனிட்டதாக இருந்தால் அதுவே ஒவ்வாமை தரலாம்.

வெல்க்ரோ வைத்த நைலான்தான் வியர்வை ஊரில் எங்கள் முதல் தேர்வு. துளைக் கணக்கு இல்லாமல் வேண்டிய அளவு தளர்த்தலாம், பக்கிள் இல்லாததால் நிக்கல் தொல்லையும் குறைவு. ஆனால் அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஈரத்தோடு கட்டினால் சிலிகானைவிட மோசம். இரண்டு வாங்கி மாற்றி மாற்றிக் கட்டினால்தான் அதன் பயன் முழுதாகக் கிடைக்கும். வாங்கும்முன் வாட்சின் முதுகிலோ கையேட்டிலோ பட்டையின் அகலம் 20 மி.மீ.யா 22 மி.மீ.யா என்று பாருங்கள்; ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் ஆடும்.

கவரிங் கம்மலுக்குக் காது புண்ணாகிறவர்கள், ஜீன்ஸ் பொத்தான் படும் இடத்தில் வயிறு அரிப்பவர்கள் நிக்கலை முதலில் சந்தேகிக்கலாம். 316எல் என்ற நல்ல துருப்பிடிக்காத எஃகிலும் 10 முதல் 14 சதவீதம் நிக்கல் உண்டு. அது இறுகப் பிணைந்திருப்பதால் மிகக் குறைவாகவே கசியும். மலிவான முலாம் பூசிய பக்கிளில், முலாம் தேய்ந்ததும் நிறையக் கசியும். ஐரோப்பிய ஒன்றியம் தோலில் நெடுநேரம் படும் பொருளுக்கு வாரம் ஒரு சதுர செ.மீ.க்கு 0.5 மைக்ரோகிராம் என்று கசிவுக்கு வரம்பு வைத்திருக்கிறது. டைமெத்தில்கிளையாக்சைம் சோதனைத் திரவத்தைப் பஞ்சில் நனைத்து பக்கிளைத் தேய்த்தால், நிக்கல் கசிந்தால் பஞ்சு இளஞ்சிவப்பாகும். பக்கிள்மேல் நகப்பூச்சு அடிப்பது சில நாளில் உரிந்துவிடும். பிளாஸ்டிக் அல்லது டைட்டானியம் பக்கிளுக்கு மாறுங்கள். வாட்ச் பட்டையால் வரும் தடிப்பு, காரணம் எதுவானாலும், சில்லறைப் பிரச்சினை அல்ல: 2014இல் ஃபிட்பிட் ஃபோர்ஸ் பட்டை தோல் தடிப்புப் புகார்களால் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டது, விற்றவை சுமார் பத்து லட்சம்.

தடிப்பு வந்துவிட்டால் குறைந்தது பத்து நாள் அந்தக் கையில் எதுவும் கட்டாதீர்கள். வாசனையற்ற மாய்ஸ்சரைசரோ வாசலினோ போதும். அரிப்பு தாங்கவில்லையென்றால் 1% ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற வீரியம் குறைந்த ஸ்டீராய்டு களிம்பை மெல்லிதாக, நாளுக்கு இருமுறை, ஏழு நாளுக்கு மேல் போகாமல் பூசலாம். மருந்துக்கடையில் கேட்டவுடன் எடுத்துத் தரும் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றும் கலந்த டியூபைத் தொடவே தொடாதீர்கள். க்ளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு அரிப்பை அடக்கிவிட்டு, உள்ளே படர்தாமரையை வளரவிடும். கொப்புளம், நீர் கசிவு, சீழ் இருந்தால் காத்திருக்க வேண்டாம், தோல் மருத்துவரைப் பாருங்கள்.

ஆறிய பிறகு முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு பயிற்சிக்கு மட்டும், ஒரு வாரம் கழித்து முழுநாள் என்று திரும்புங்கள். இடையில் துடிப்பு எண் வேண்டுமென்றால் மேல்கையில் கட்டும் சென்சார் உதவும். காய்ந்த கை, காய்ந்த ஸ்ட்ராப், தளர்ந்த கட்டு எல்லாம் இருந்தும் அதே இடத்தில் திரும்ப வந்தால், எந்தப் பொருள் ஒவ்வாமை தருகிறது என்று கண்டறியும் பேட்ச் டெஸ்ட்டைத் தோல் மருத்துவரிடம் செய்ய வேண்டும். முதுகில் ஒட்டிய பட்டைகள் 48 மணி நேரம் இருக்கும், இரண்டு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அந்த நாட்களில் முதுகு நனையவோ வியர்க்கவோ கூடாது என்பதால் ஓட்டத்துக்கு விடுப்பு கொடுத்து நாள் குறியுங்கள். போகும்போது அந்த ஸ்ட்ராப்பையும் பக்கிளையும் ஒரு கவரில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.