அக்டியா பாட்டிவைரஸ் குழு எலைசா கிட்: எதற்கு வாங்கலாம், எதற்குக் கூடாது

மிளகாய் இலையில் தேமல் விழுந்தால், வெள்ளரித் தேமல் வைரஸா பாட்டிவைரஸா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பாட்டிவைரஸ் என்பது உருளைக்கிழங்கு ஒய் வைரஸைச் சேர்ந்த பெரிய தாவர வைரஸ் குழு. அந்த முதல் கேள்விக்கு அக்டியா நிறுவனத்தின் இந்த எலைசா (ஆன்டிபாடியும் நொதியும் கொண்டு, வைரஸ் இருந்தால் நிறம் காட்டும் சோதனை) கிட்டைத் தாராளமாக நம்பலாம். இதிலுள்ள பிடிஒய்-1 என்னும் மோனோகுளோனல் ஆன்டிபாடி (ஒரே ஒரு இடத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி), அசுவினி பரப்பும் பாட்டிவைரஸ்களில் பெரும்பாலானவற்றின் உறைப்புரதத்தில் (வைரஸின் வெளியுறையான புரதத்தில்) மாறாமல் இருக்கும் ஒரு பகுதியைப் பிடிக்கிறது. உருளைக்கிழங்கு ஒய் வைரஸும் பப்பாளி வளையப்புள்ளி வைரஸும் ஒரே தட்டில் சிக்கும்.

சொதப்பல் பெரும்பாலும் சாறு எடுக்கும்போதே தொடங்கிவிடும். இது மறைமுக எலைசா. இலைச்சாறுதான் நேராகப் பிளாஸ்டிக் தட்டின் குழியில் ஒட்ட வேண்டும். ஆகவே pH 9.6 கார்பனேட் பஃபரில் 1:100 அளவில் அரைக்க வேண்டும். அந்தக் காரத்தில் வைரஸ் துகள் குலைந்து, உள்ளே மறைந்திருக்கும் பகுதியும் வெளிப்படும். சாண்ட்விச் எலைசாவுக்கு (குழியில் முதலில் ஆன்டிபாடியைப் பூசும் முறைக்கு) வைத்திருக்கும் ட்வீன் என்னும் சோப்புப் பொருள் கலந்த பஃபரை எடுத்தால், ட்வீன் பிளாஸ்டிக்கை மூடிக்கொள்ளும். நோயுற்ற இலையும் வெறுமையாகவே காட்டும். சாற்றைக் கெட்டியாக விட்டாலும் இதே கதிதான்: செடியின் சொந்தப் புரதங்கள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கடைசிக் கழுவலுக்குப் பின் தட்டைக் கவிழ்த்து, உறிஞ்சுதாளில் நன்றாகத் தட்டுங்கள். கழுவும் பஃபரிலிருந்து மிஞ்சும் பாஸ்பேட், நிறம் உண்டாக்கும் அல்கலைன் பாஸ்படேஸ் நொதியை மந்தமாக்கும். அதே இனத்தின் ஆரோக்கியமான இலைச்சாறு எல்லாத் தட்டிலும் இருந்தாக வேண்டும்.

வைரஸ்களுக்குள் உறவு எவ்வளவு நெருக்கம் என்று அறிய இதை வாங்காதீர்கள். 405 நானோமீட்டரில் எந்தக் குழி அதிக மஞ்சளாக இருக்கிறதோ அது நெருங்கிய சொந்தம் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது தவறு. நிறத்தின் ஆழம் இலையில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. தவிர, மோனோகுளோனல் பார்ப்பது ஒரே ஒரு இடத்தை.

உறவை அளக்கப் பாலிகுளோனல் சீரம் (வைரஸ் செலுத்திய முயலின் இரத்தத்திலிருந்து எடுக்கும், பல இடங்களைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளின் கலவை) வேண்டும். சீரத்தை இரண்டிரண்டு மடங்காக நீர்த்து, சொந்த வைரஸிலும் (சீரம் எதற்கு எதிராக உருவானதோ அது) அயல் வைரஸிலும் டைட்டர், அதாவது இன்னும் வினை காட்டும் கடைசி நீர்ப்பு, பாருங்கள். சொந்தத்தில் 1/4096, அயலில் 1/512 என்றால் வித்தியாசம் மூன்று படி. அதுவே சீரவியல் வேறுபாட்டுக் குறியீடு. ஒரே முயலின் இரத்தம்கூட எடுக்கும் நாளைப் பொறுத்து வேறு எண் தரும் என்பதால், பல சீரங்களின் சராசரியை எடுத்து, எதிர்த்திசையிலும் (அயல் வைரஸின் சீரத்தைச் சொந்த வைரஸில்) சோதிக்க வேண்டும். பாட்டிவைரஸ்களில் இன்னொரு சிக்கல்: வைரஸுக்கு வைரஸ் மாறுவது உறைப்புரதத்தின் என்-முனைதான் (புரதச் சங்கிலியின் தொடக்கமுனை), நடுப்பகுதி பொது. நடுப்பகுதிக்கான ஆன்டிபாடி சீரத்தில் மிகுந்தால் தூரத்துச் சொந்தமும் உடன்பிறப்பாகத் தெரியும். என்-முனை நீக்கிய அயல் உறைப்புரதம் பூட்டிய நிரலில் (வடிகுழாயில்) சீரத்தை ஓட்டி அந்த நடுப்பகுதி ஆன்டிபாடிகளை அகற்றிவிட்டு டைட்டர் பாருங்கள்.