28,000 கி.மீ. வண்டியா, 92,000 கி.மீ. வண்டியா? மதுரையில் பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

எடுத்துக்காட்டுக்கு இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் 2014 வேகன்ஆர், இரண்டும் பெட்ரோல், இரண்டும் வெள்ளை. ஒன்று பைபாஸ் ரோட்டில் ஒரு வியாபாரியிடம் நிற்கிறது. மீட்டரில் 28,000 கி.மீ., கையில் சர்வீஸ் பில் ஒன்றுகூட இல்லை. இன்னொன்று திருமங்கலத்தில் ஒரு வீட்டு வாசலில் நிற்கிறது. மீட்டரில் 92,000 கி.மீ., முதல் ஓனர், பில்லெல்லாம் ஒரு மஞ்சப்பையில் பத்திரமாக இருக்கிறது. முதல் வண்டிக்கு 40,000 ரூபாய் அதிகம் கேட்கிறார்கள்.

பெரும்பாலானோர் முதல் வண்டிப் பக்கம்தான் சாய்வார்கள். அந்த 40,000 ரூபாய் மீட்டரில் தெரிகிற எண்ணுக்கான விலை. அந்த எண்ணுக்கு ஆதாரம் இல்லையென்றால் ஒரு ரூபாய்கூட அதிகம் தர வேண்டியதில்லை என்பதுதான் எங்கள் முடிவு.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 11 வருஷத்தில் 28,000 என்றால் வருஷத்துக்குச் சுமார் 2,500, நாளுக்கு 7 கி.மீ. திருநகரிலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு தடவை போகிற தூரம்தான். திரும்பி வரக்கூடக் காணாது. 92,000 வண்டியோ நாளுக்கு 23 கி.மீ. ஓடியிருக்கிறது. ஆபீஸ், பள்ளிக்கூடம், மாதம் ஒரு தடவை ஊருக்குப் போய் வருவது என்று ஒரு குடும்பம் வண்டி வைத்திருந்தால் வரக்கூடிய கணக்குதான் அது. நாளுக்கு 7 கி.மீ. நடக்காத காரியமில்லை. ஓய்வு பெற்றவர்கள் வீட்டில் அப்படி வண்டிகள் உண்டு. "டாக்டர் வச்சிருந்த வண்டி சார், வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான் ஓடுச்சு" என்று சொன்னால் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதை வண்டியே சொல்ல வேண்டும்.

வண்டி சொல்வதில் முதல் சாட்சி டயர். பக்கவாட்டில் DOT என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசியில், சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் தயாரான டயர். ஒரு பக்கம் இல்லையென்றால் டயரின் உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். சின்ன காரில் டயர் 40,000 கி.மீ. பக்கம் தாங்கும். ஆகவே 28,000 உண்மையென்றால், ஒன்று 2014 டயரே வெடிப்போடு இருக்க வேண்டும், அல்லது வயசானதால் ஒரே ஒரு தடவை மாற்றியிருக்க வேண்டும். நாலு டயரும் 2023-ஆம் வருஷத்தில் தயாரானதாக இருந்து, டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி 2018-ஆம் வருஷத்தில் தயாரானதாக இருந்தால் யோசிக்க வேண்டும். ஸ்டெப்னி என்பது பெரும்பாலும் பழைய செட்டில் மிச்சம் வைத்தது. அப்படியென்றால் வண்டியோடு வந்தது ஒரு செட், 2018 ஒரு செட், இப்போது மூன்றாவது. 28,000-க்கு மூன்று செட் டயர் தேய வழியில்லை.

அடுத்தது காலும் கையும் படுகிற இடங்கள். பிரேக், கிளட்ச் பெடல் ரப்பரின் வரிகள் 28,000-இல் கூர்மையாகவே இருக்கும், 90,000 தாண்டினால் ஓரம் மழுங்கி வழவழப்பாகிவிடும். பழைய வண்டியில் ரப்பர் மட்டும் புத்தம் புதுசாக இருந்தாலும் சந்தேகம்தான். டிரைவர் பக்க மேட்டைத் தூக்கி, ஆக்ஸிலரேட்டருக்குக் கீழே வலது குதிகால் ஊன்றும் இடத்தைப் பாருங்கள். அங்கே கார்பெட் நைந்திருந்தால் ரொம்ப தூரம் ஓடிய வண்டி. புது சீட் கவர் போட்டிருந்தால், கதவுப் பக்கத்து ஓரத்தைக் கையால் அழுத்துங்கள். ஏறி இறங்கி ஏறி இறங்கி அந்த ஓரத்து ஃபோம்தான் முதலில் நசுங்கும். கவர் எதை மறைத்தாலும் அந்தப் பள்ளத்தை மறைக்க முடியாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, ஓர நூல் பிசிறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மீட்டரைத் திருப்புவது இன்று திருப்புளி வேலை அல்ல. எண் மீட்டருக்குள் இருக்கும் சின்ன மெமரி சிப்பில் பதிவாகிறது, லேப்டாப் இருந்தால் மாற்றிவிடலாம். சில வண்டிகளில் அதற்காக மீட்டரைக் கழற்றியே ஆக வேண்டும். அதனால் மீட்டரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் ஓரத்தில் நெம்பிய தடம், ஸ்க்ரூ தலையில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். தடம் இல்லாததால் மட்டும் சுத்தம் என்று ஆகிவிடாது, கழற்றாமலே மாற்றக்கூடிய வண்டிகளும் உண்டு.

இங்கேதான் எஞ்சின் கம்ப்யூட்டரில் பதிவானதைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் கைகொடுக்கும். டேஷ்போர்டுக்குக் கீழே, ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும் பதினாறு பின் சாக்கெட்டில் சின்ன புளூடூத் கருவியைச் செருகி, போனில் ஆப்பைத் திறந்தால், பழுதுக் குறியீடுகளை அழித்ததிலிருந்து வண்டி ஓடிய தூரம் என்று ஒரு எண்ணை எஞ்சின் கம்ப்யூட்டர் காட்டும். எல்லா வண்டியும் காட்டாது. மீட்டரில் 28,000 இருக்க, அங்கே 51,000 என்று வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். எண் குறைவாக வந்தால் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை, யாரோ ஸ்கேனர் போட்டு அழித்திருக்கலாம். பொய்யைப் பிடிக்க மட்டும்தான் இந்தச் சோதனை, உண்மையை நிரூபிக்க உதவாது.

பானெட்டுக்குள்ளும் கதவு ஓரத்திலும் பழைய ஆயில் ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். 'அடுத்த சர்வீஸ் 70,000' என்று ஒரு ஸ்டிக்கரைக் கிழிக்க மறந்திருப்பார்கள். டாப்பில் கேரியர் மாட்டிய தடமோ, டேஷ்போர்டில் பழைய ஸ்க்ரூ ஓட்டைகளோ இருந்தால், டி போர்டில் (வாடகைக்கு) ஓடி ஓன் போர்டுக்கு (சொந்த உபயோகத்துக்கு) மாறிய வண்டியா என்று ஆர்.சி. விவரத்தில் சரிபாருங்கள். எத்தனையாவது ஓனர், வண்டி மேல் கடன் பதிவு இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்பதெல்லாம் அரசின் எம்பரிவாகன் ஆப்பில் கிடைக்கும். டிஎன் 58, 59, 64 மதுரைப் பதிவு. வேறு மாவட்டத்துப் பதிவென்றால் பழைய ஓனரின் ஊரில் விசாரிக்க ஆள் இருக்கிறதா பாருங்கள்.

இப்போது திருமங்கலத்து வண்டி. 92,000 என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். இதில் இருக்கும் கே10பி எஞ்சினில் வால்வுகளை நேரத்துக்கு இயக்குவது டைமிங் செயின்தான், குறித்த காலத்தில் மாற்ற வேண்டிய பெல்ட் இல்லை. நேரத்துக்கு ஆயில் மாற்றிய எஞ்சினுக்கு 92,000 ஒரு பெரிய வயசு அல்ல. (ஆல்டோ 800 பார்க்கிறவர்கள் கவனிக்க: அதில் பெல்ட். குறைந்த கிலோமீட்டராக இருந்தாலும் வயசுக்காகவே மாற்ற வேண்டும்.) பில்களைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். ஒவ்வொன்றிலும் மீட்டர் அளவு அச்சாகியிருக்கும். வருஷத்துக்கு எட்டு, ஒன்பது ஆயிரமாக ஏறிக்கொண்டே வந்தால் நல்லது. நடுவில் இரண்டு வருஷம் பில் இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். ஓனரோடு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போய் வண்டி எண்ணைச் சொன்னால், அங்கே விட்ட சர்வீஸ்களின் விவரத்தைக் கம்ப்யூட்டரில் பார்க்கலாம். பைபாஸ் வியாபாரியிடமும் இதையே கேளுங்கள். மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

இந்த வண்டியில் செலவு வரப்போகும் இடங்கள் முன்கூட்டியே தெரிந்தவை: கிளட்ச், முன் லோயர் ஆர்ம் புஷ், வீல் பேரிங், எஞ்சின் மவுண்ட். நாலாவது கியரில் மெதுவாகப் போகும்போது சட்டென்று ஆக்ஸிலரேட்டரை மிதியுங்கள். எஞ்சின் மட்டும் அலறி வேகம் ஏறவில்லையென்றால் கிளட்ச் முடிந்தது, அதை விலையில் கழிக்கலாம். பேரிங் சத்தம் பிடிக்க நத்தம் ரோடு பறக்கும் பாலம் நல்ல இடம். சமமான ரோடு, 7.3 கி.மீ. நீளம். கண்ணாடியை ஏற்றிவிட்டு 60-இல் போங்கள், 'ஊ' என்ற இரைச்சல் வேகத்தோடு ஏறினால் பேரிங். ஏறும்போதே ட்ரிப் மீட்டரை பூஜ்யமாக்கி, இறங்கும்போது சுமார் ஏழு காட்டுகிறதா என்றும் பார்த்துவிடலாம்.

மதுரை வட்டாரத்தில் இரண்டு வண்டியிலும் மறக்காமல் பார்க்க வேண்டியது ரேடியேட்டர். கூலண்டுக்குப் பதில் போர் தண்ணீரை ஊற்றும் பழக்கம் இங்கே உண்டு, உப்புத் தண்ணீர் உள்ளே சுண்ணாம்பாகப் படியும். எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் மூடியைத் திறங்கள். பச்சையோ நீலமோ சிவப்போ இல்லாமல் துருநிறத்தில் கலங்கல் தண்ணீரும், மூடிக்கு அடியில் வெள்ளைப் படிவமும் இருந்தால், சித்திரை வெயிலில் வண்டி சூடேறப் போகிறது. பார்க்கப் போவதற்கு முன் வண்டியைக் கிளப்பி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள்.

சரி, எல்லாச் சோதனையிலும் 28,000 உண்மை என்றே தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அது புது வண்டி ஆகிவிடாது. நின்றே கிடந்த வண்டிக்கு வேறு நோய்கள் உண்டு. பேட்டரி செத்திருக்கும். ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கும். பிரேக் காலிப்பர் துருப்பிடித்து இறுகியிருக்கும். ஏ.சி. ஓடாமல் கிடந்ததில் சீல் காய்ந்து கேஸ் இறங்கியிருக்கும். எலி வயரைக் கடித்திருக்கும். பானெட்டுக்கு அடியில் பஞ்சும் புழுக்கையும் கிடந்தால் வயரிங்கை இழை இழையாகப் பார்க்க வேண்டும். தினமும் இரண்டு கி.மீ. ஓட்டி நிறுத்திய எஞ்சினில் ஆயில் சூடேறாமல் ஈரம் தங்கும். ஆயில் மூடிக்கு அடியில் மோர் நிறத்தில் பசை இருக்கிறதா பாருங்கள். நாலு டயருக்கே 12,000 ரூபாய்க்குக் குறையாது. அதனால் இந்த வண்டிக்குக் கூடுதலாக ஏதாவது தருவதென்றாலும், இந்தச் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குப் பேசுங்கள்.

எதை வாங்கினாலும் பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-இல் கையெழுத்து வாங்குவதோடு நிற்க வேண்டாம். விற்பனை ஒப்பந்தத்தில் வண்டி எண், சேசிஸ் எண், தேதியோடு மீட்டர் அளவையும் எழுதி, 'இந்த அளவு உண்மையானது, மாற்றப்படவில்லை' என்ற வரியைச் சேர்த்து விற்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள். மீட்டர் தெளிவாகத் தெரியும்படி போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். திருமங்கலத்துக்காரர் உடனே போட்டுக் கொடுத்துவிடுவார். பைபாஸ் ரோட்டில் இந்த வரியைக் காட்டிவிட்டு, அவர் பேனாவை எடுக்கும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.