மச்சான் கட்டிய டிரெய்லரும் காவல்கிணற்றுக் காற்றும்

பாளையங்கோட்டையில் என் வீட்டு முன்னால் நிற்கும் முகாம் டிரெய்லரைக் கட்டியது என் மச்சான். வேலை கிடைத்து வளைகுடாவுக்குப் போனபோது சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். அப்போதிருந்து நான்தான் பொலிரோவில் மாட்டி இழுத்துக்கொண்டு திரிகிறேன். கடையம் பக்கம் சிநேகிதரின் தென்னந்தோப்பு, கூந்தன்குளத்துக்குப் பறவைகள் வரும் மாதங்களில் நாங்குநேரி வட்டாரம், கோடையில் உவரிக் கடற்கரை. எட்டடிக்கு ஐந்தடிப் பெட்டி, ஒற்றை அச்சு. இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம், பையனும் வந்தால் நெருக்கியடித்துத்தான்.

கட்ட நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்று. டிரெய்லரும் வாகனம்தான், 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி அதற்கும் பதிவு வேண்டும். மச்சான் பதிவெண் உள்ள பழைய சரக்கு டிரெய்லரை வாங்கி அதன்மேல் பெட்டி கட்டினார். அப்படிச் செய்தாலும் வண்டியை மாற்றி அமைப்பதற்கு ஆர்.டி.ஓ. அலுவலக ஒப்புதல் தேவை, 52ஆம் பிரிவு அதைப் பற்றியதுதான். இரும்பை வெட்டுவதற்கு முன்பே போய்க் கேட்டுவிடுங்கள்.

இனி வண்டி. வேலை நடந்தது டிராக்டர் டிரெய்லர் செய்கிற ஒரு பட்டறையில். வெல்டிங்கில் குறை சொல்ல முடியாது, இன்றுவரை ஒரு இணைப்பும் விடவில்லை. ஆனால் அவர்கள் கைக்குப் பழகியது நெல்லும் செங்கலும் ஏற்றும் வண்டி. தகடு இவ்வளவு தடிமனாக வேண்டுமா என்று மச்சான் கேட்டதற்கு, "கனமா இருந்தாத்தான் அண்ணாச்சி ரோட்டுல நிக்கும்" என்றாராம் மேஸ்திரி. டிராக்டர் வேகத்துக்கு அது சரியாக இருக்கலாம். நாலுவழிச் சாலையில் 70ஐத் தொடும்போது கதை வேறு. இந்த வண்டியின் ஆரம்பக் கோளாறுகளில் பாதி அந்த ஒரு வாக்கியத்தில் பிறந்தவை என்பது என் கணிப்பு.

அது வெளிப்பட்ட இடம் பணகுடிக்கும் காவல்கிணற்றுக்கும் நடுவே. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். அங்கே அத்தனை காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. தெற்கே போகும் வண்டிக்கு அது வலப்பக்கம் வந்து அறையும். டிரெய்லர் வாலாட்டத் தொடங்கி, பொலிரோவின் பின்பக்கத்தையும் சேர்த்து ஆட்டியது. அந்த நேரத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பிச் சமாளிக்கப் பார்த்தால் ஆட்டம் கூடும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாக இறங்கும்வரை பொறுக்க வேண்டும்.

பட்டறையில் சொன்ன வைத்தியம்: அச்சை அறுத்து அரையடி பின்னால் தள்ளி வெல்டிங் வைப்பது. முறையான வைத்தியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அறுப்பதற்கு முன்னால் எடை பார்க்க வேண்டாமா? சாமான் ஏற்றி, தண்ணீர் நிரப்பி, எடை மேடையில் ஏற்றியபோது சுமார் 700 கிலோ. அப்புறம் அரிசிக் கடையிலிருந்து மேடைத் தராசு ஒன்றை இரவல் வாங்கி, சமதளத்தில் வண்டியை நிறுத்தி, காரில் மாட்டும்போது கொக்கி எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்துக்குக் கட்டை கொடுத்துத் தராசில் இறக்கினேன். காட்டியது வெறும் 20 கிலோ. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும் என்பதுதான் ஒற்றை அச்சு வண்டிகளுக்கான பொதுக் கணக்கு. அதாவது குறைந்தது 70 கிலோ. குறைந்தால் வால் ஆடும். ரொம்பக் கூடினால் காரின் பின்பக்கம் அமுங்கி முன்சக்கரத்தின் பிடி தளரும்.

சமையல் தட்டு பின்பக்கம் இருந்ததால் தண்ணீர் டேங்கையும் அங்கேயே வைத்திருந்தார்கள். 60 லிட்டர், அதாவது 60 கிலோ, அச்சுக்கு நாலடி பின்னால். அச்சிலிருந்து கொக்கி எட்டடி. 60ஐ 4ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால் 30. அந்த டேங்க் ஒன்றே கொக்கியிலிருந்து 30 கிலோவைத் தூக்கிக்கொண்டிருந்தது. அதை அச்சுக்கு நேர் மேலே மாற்றினேன். அங்கே இருந்தால் தண்ணீர் தீரத் தீர பாரம் முன்னும் பின்னும் மாறாது என்பது கூடுதல் லாபம். பின்கதவில் தொங்கிய ஸ்டெப்னியை முன்பக்க முக்கோணச் சட்டத்துக்குக் கொண்டுவந்தேன். கொக்கி எடை 70ஐ நெருங்கிவிட்டது. அச்சை யாரும் தொடவில்லை. அடுத்த ஆடிக் காற்றில் அதே சாலையில் போனோம். வண்டி சாய்ந்து தள்ளப்படுவது தெரிந்தது, ஆனால் வால் ஆடவில்லை. இப்போதும் அந்தப் பகுதியில் 60க்கு மேல் போவதில்லை, அது வேறு விஷயம்.

அடுத்து தரை. 3 மி.மீ. செக்கர் தகடு போட்டிருந்தார்கள். சதுர மீட்டருக்கு 24, 25 கிலோ வரும். இந்தப் பெட்டிக்குக் கிட்டத்தட்ட 90 கிலோ. படுத்துத் தூங்கும் வண்டிக்கு எதற்கு? அதைக் கழற்றிவிட்டு 12 மி.மீ. மரைன் பிளைவுட் போட்டதில் 60 கிலோ போல மிச்சம். பிளைவுட் வாங்கும்போது ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல பலகை என்றாலும் வெட்டிய ஓரங்களுக்கு எபாக்சி பூசாமல் மாட்டாதீர்கள், தண்ணீர் அங்கேதான் ஏறும்.

குலுக்கலைத் தாங்கும் வில் தகடுகளான கமான் பட்டையும் அதே ரகம். சரக்கு வண்டிக்கான கட்டு என்பதால் இந்த எடைக்கு அசையவே இல்லை. குழியில் விழுந்தால் பெட்டி மொத்தமும் துள்ளும். உள்ளே திருகாணிகள் கழன்று, டப்பாக்கள் திறந்து, மிளகாய்ப் பொடியும் பல்பொடியும் கலந்து கிடக்கும். முதன்மைப் பட்டையை விட்டுவிட்டு நடுவில் இரண்டை எடுத்ததும் அமைதியானது. கமான் வேலை தெரிந்தவரிடம்தான் இதைச் செய்ய வேண்டும். நடு போல்ட்டும் யூ போல்ட்டும் புது உயரத்துக்கு ஏற்ப மாற்றப்பட வேண்டும். சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு ஐம்பது, நூறு கிலோமீட்டரில் நட்டுகளை மறுபடி முறுக்குவதும், நிறுத்தும் இடங்களில் பேரிங் பக்கம் கையை வைத்துச் சூடு பார்ப்பதும் எனக்குப் பழக்கமாகிவிட்டது.

மின்சாரத்தில் ஒரு வேடிக்கை. இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் சேர்ந்து மினுங்கும். எர்த்துக்குத் தனி வயர் இல்லாமல், கொக்கியின் இரும்பு வழியாகவே விட்டிருந்தார்கள். கிரீசும் துருவும் உள்ள இடத்தில் எர்த் எப்படி நிற்கும்? பிளக்கிலிருந்து தனி வயர் இழுத்ததோடு தீர்ந்தது. பேட்டரியோ வீட்டு இன்வெர்ட்டரில் ஓய்வு பெற்ற பழைய டியூபுலர் (ஈய அமில வகை), 50 கிலோவுக்கு மேல், கட்டிலுக்கு அடியில்! சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். மூடிய பெட்டிக்குள், தலைமாட்டில் அது இருக்கவே கூடாது. 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கு மாறினேன், எடை 12 கிலோதான். பணம் உறைத்தது. ஆனால் பழையது அச்சுக்கு முன்னால் இருந்த பாரம் அல்லவா? அது போனதும் கொக்கி எடை பத்து சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. மறுபடி அரிசிக் கடைத் தராசு. கருவிப் பெட்டியை முன்சட்டத்துக்கு மாற்றி ஈடுகட்டினேன். எதை ஏற்றினாலும் இறக்கினாலும் திரும்ப நிறுத்துப் பார்க்காமல் நெடுஞ்சாலைக்குப் போவதில்லை.

கேஸ் விஷயத்தில் மட்டும் நான் பொறுமையாக இல்லை, வந்த வாரமே மாற்றிவிட்டேன். 5 கிலோ சிலிண்டர் காற்றுப் போகாத பெட்டியில் இருந்தது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தங்கும். பெட்டியின் அடித்தட்டில் ஓட்டை போட்டு, பெட்டியையே வெளியே கொண்டுவந்தேன். அடுப்பும் வெளியே, பக்கவாட்டில் மடக்கி இறக்கும் பலகையில். தோப்பில் நின்றபடி சொதி கொதிக்க வைப்பதில் உள்ள சுகம் டிரெய்லருக்குள் வராது.

மழை ஒழுகலை 2023 டிசம்பர்தான் காட்டிக்கொடுத்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய அந்த மழை எங்கள் பக்கத்தையும் விடவில்லை. கூரை மூட்டில் ஏற்கனவே சிலிக்கான் மேல் சிலிக்கானாக அப்பியிருந்தது. பழைய சிலிக்கான்மேல் புது சிலிக்கான் ஒட்டாது என்பதுதான் சிக்கலே. மொத்தத்தையும் சுரண்டி எடுத்து, தகட்டு மூட்டுக்குள் பியூட்டைல் டேப் வைத்து, மேலே பாலியுரேத்தேன் சீலன்ட் போட்டேன். கூடவே, முன்தகடு பின்தகட்டின்மேல் படியும்படி மாற்றினேன். முன்பு தலைகீழாக இருந்ததால், ஓடும்போது மழையை எதிர்க்காற்றே உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது.

வெயிலுக்கு நம் ஊரில் முழுத் தீர்வு எனக்குக் கிடைக்கவில்லை. தெர்மாகோல் 25 மி.மீ. இருந்தும், இடையே ஓடும் சட்டத்தின் இரும்புக் குழாய் வழியாகச் சூடு இறங்கும். ராத்திரி கூரையைத் தொட்டால் எங்கே குழாய் என்று விரலே சொல்லும். வெள்ளை கூலிங் பெயிண்ட் ஓரளவு உதவியது. அதைவிட உதவியது, கூரைக்கு மேலே நாலு அங்குல இடைவெளி விட்டுக் கட்டிய தார்ப்பாய். வண்டி ஓடும்போது அதைக் கழற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். நிழல் பக்கம் கீழ் ஜன்னலைத் திறந்து, கூரையில் 12 வோல்ட் காற்றாடி வெளியே இழுத்தால் ஒன்பது மணிக்கு மேல் தூங்க முடிகிறது.

உவரிக்குப் போகிறவர்கள் இந்தச் சட்டக் குழாய்களின் உட்புறத்தை மறக்க வேண்டாம். வெளியே ரெட் ஆக்சைடு பூசியிருப்பார்கள், உள்ளே பச்சை இரும்புதான். திறந்த முனைகளை அடைத்து, தாழ்வான இடங்களில் 6 மி.மீ. ஓட்டை போட்டு, துருத் தடுப்பு எண்ணெய் அடித்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவுவது கட்டாயம். மலைப் பக்கம் ஆசைப்பட வேண்டாம். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் நினைத்த இடத்தில் தங்க முடியாது. அடிவாரத்துத் தோப்புகளே போதும்.

இன்னும் தீராத ஒன்று செம்மண் தூசி. திசையன்விளைச் செம்மணல் தேரிப் பக்கம் ஒரு நாள் ஓடினால் பின்கதவு இடுக்கு வழியாகப் படுக்கை முழுக்கச் சிவந்துவிடும். இரண்டு வகை ரப்பர் பீடிங் மாற்றியும் நிற்கவில்லை. கதவுச் சட்டமே லேசாக முறுக்கியிருக்கிறது என்று சந்தேகம். மழைக்காலத்துக்கு முன்னால் கதவைக் கழற்றிச் சட்டத்தை மூலைக்கு மூலை அளந்து பார்க்கப் போகிறேன்.