எஸ்.ஆர்.ஏ. திட்டத்தில் கையெழுத்துக் கேட்கிறார்களா? முதலில் மேல்தாளைப் பாருங்கள்

தாராவியில் இருக்கும் என் சித்தி மகன் போன வாரம் ஒரு தாளைப் படம் எடுத்து அனுப்பி, "அண்ணா, இதில் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடலாமா?" என்று கேட்டான். தாளின் மேல்பாதி படத்தில் இல்லை. வரிசை எண்ணும், பெயர் எழுதும் கட்டங்களும், கையெழுத்துக் கோடுகளும் மட்டும் இருந்தன. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே மாதிரியான ஒரு தாளில்தான் எங்கள் வீட்டுப் பணம் போனது. அவனுக்கு மட்டும் பதில் சொல்லி விட்டுவிடாமல் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நாங்கள் மும்பை சயான் கோலிவாடா பக்கம். அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து மாநகராட்சி நிலத்தில் போட்ட குடிசை. 1976 கணக்கெடுப்பை ஒட்டிக் குடிசைக்காரர்களுக்குக் கொடுத்த போட்டோ பாஸ் என்ற அடையாள அட்டை, பழைய லைட் பில், 2000ஆம் ஆண்டு வாக்காளர் பட்டியலில் பெயர் எல்லாம் பத்திரமாக இருந்தன. 2016இல் எஸ்.ஆர்.ஏ. (குடிசை மறுவாழ்வு ஆணையம்) திட்டத்தில், குடிசைகளை இடித்து அதே இடத்தில் அடுக்குமாடி வீடு கட்டித் தருவதாகப் பில்டர் வந்தபோது, குடிசைக்காரர்களில் 70 சதவீதம் பேரின் சம்மதம் வேண்டும் என்பது விதி (பிறகு அதை 51 ஆகக் குறைத்துவிட்டார்கள்). சம்மதம் வாங்கிக் கொடுத்தவர் எங்கள் தெருக்காரர், எங்கள் ஊர்க்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. குடியிருப்பவர்களுக்கான கூட்டுறவுச் சங்கத்தை, அதாவது சொசைட்டியை, அமைத்ததும் அவரே சேர்மன் ஆனார். யாரும் போட்டியிடவில்லை, நானும்தான்.

அனெக்சர்-2 என்று ஒரு பட்டியல் உண்டு. யாருக்கு வீடு, யாருக்கு இல்லை என்பதை முடிவு செய்வது அதுதான். நிலம் மாநகராட்சியுடையது என்றால் மாநகராட்சியும், மாநில வீட்டு வசதி ஆணையமான மாடாவுடையது என்றால் மாடாவும், அரசு நிலம் என்றால் கலெக்டர் தரப்பும் அதைத் தயாரிக்கும். அது ஒட்டப்பட்ட அன்று பாதித் தமிழர்கள் தங்கள் பெயரையே தேடிக் களைத்துப் போனார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மராத்திப் படிவத்தில் 'ஆட்நாவ்' என்ற கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறவர் ஒருமுறை அப்பா பெயரைப் போடுவார், மறுமுறை தாத்தா பெயரைப் போடுவார், சில நேரம் ஊர்ப் பெயரையும் போட்டுவிடுவார். ரேஷன் கார்டில் ஒருவர், வாக்காளர் பட்டியலில் இன்னொருவர், லைட் பில்லில் மூன்றாமவர். மூவரும் ஒரே ஆள். எங்கள் பக்கத்து வீட்டுச் செல்லம்மாள் பாட்டி 'சேலம்மா' ஆகி, தகுதியில்லாதவர் பட்டியலுக்குப் போய்விட்டார். மேல்முறையீடு செய்து அவர் பெயரைத் திருத்தி வாங்குவதற்குள் ஒன்றரை வருடம் ஓடியது. அதே பட்டியலில் அண்ணாச்சியின் மைத்துனர் பெயரில் ஓர் அறை இருந்தது. அந்த மைத்துனர் ஊரில் வாழைத்தோப்பு வைத்திருக்கிறார். மும்பையில் அவரை நான் கல்யாணங்களில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

2018 மே மாதம் குடிசையைக் காலி செய்து தானே பக்கம் கல்வாவில் வாடகைக்குப் போனோம். மாதம் 12,000 ரூபாய் பில்டர் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். இரண்டு வருடம் ஒழுங்காக வந்தது. 2020 ஜூனில் நின்றது. அந்த ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதத்துக்கான செக்குகளும் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தன. அண்ணாச்சி போன் செய்து, "தம்பி, இப்போது பேங்கில் போடாதே. பில்டர் கணக்கில் பணம் இல்லை. திரும்பி வந்தால் அவருக்கு அவமானம், நமக்கும் வேலை நிற்கும். அடுத்த வாரம் சொல்கிறேன்" என்றார். அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று போய், ஒவ்வொரு செக்கும் தேதியிலிருந்து மூன்று மாதம் தாண்டியது. மூன்று மாதம் தாண்டிய செக்கை எந்த வங்கியும் வாங்காது. திரும்பி வந்திருந்தாலாவது, வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, அதற்குப் பிறகு 15 நாளில் பணம் வராவிட்டால் செக் மோசடி வழக்குப் போட்டிருக்கலாம். போடாத செக்குக்கு என்ன வழக்கு? அண்ணாச்சிக்கு இது தெரியாமல் இருந்திருக்கும் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கடை நடத்துகிறவர், செக் வாங்குவதும் கொடுப்பதுமே அவருக்கு வேலை.

அந்த டிசம்பரில் பழைய இடத்தில் ஒரு கூட்டம் நடந்தது. வேலை எப்போது தொடங்கும் என்று பேசத்தான் கூப்பிட்டார்கள். முகக்கவசத்தோடு எல்லோரும் வெயிலில் நின்றோம். வருகைக்கு என்று சொல்லி ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டார்கள். அம்மாவும் கையெழுத்துப் போட்டாள்.

2022இல் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனு போட்டு எங்கள் திட்டத்தின் கோப்பு நகலை வாங்கினேன். அதற்குள் அம்மா இல்லை. நகல்களுக்கு நடுவே சொசைட்டி தீர்மானம் ஒன்று இருந்தது: லாக்டவுன் காரணமாக 2020 ஜூன் முதல் மாத வாடகையை 8,000 ஆகக் குறைத்துக்கொள்ள உறுப்பினர்கள் ஏகமனதாகச் சம்மதிக்கிறார்கள் என்று மராத்தியில் தட்டச்சு. அதன் பின்னால் இணைத்திருந்தது அந்த வருகைத் தாள். பதினேழாவது வரியில் அம்மாவின் தமிழ்க் கையெழுத்து. பெயரின் கடைசி 'ள்'ளை எப்போதும் கோட்டுக்குக் கீழே இழுத்து முடிப்பாள், அப்படியே இருந்தது. தட்டச்சுத் தாளில் ஒரு கையெழுத்துகூட இல்லை. கையெழுத்துத் தாளில் ஒரு வரிகூடத் தலைப்பு இல்லை.

நான் அலைந்த அலைச்சலில் பாதி, தவறான கதவுகளைத் தட்டியதுதான். முதலில் வார்டு ஆபீஸுக்குப் போனேன். குடிசை மறுவாழ்வுத் திட்டங்களில் திட்ட அதிகாரம் 1995இல் அமைத்த எஸ்.ஆர்.ஏ.வுக்குத்தான், மாநகராட்சிக்கு இல்லை. அதன் தலைவர் முதலமைச்சர். நகரசேவகரிடம் (மாநகராட்சி உறுப்பினரிடம்) போகலாம் என்றால் 2022 மார்ச்சில் மாநகராட்சியின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகிதான் ஆண்டுகொண்டிருந்தார். ஆயினும் நகரசேவகர் இருந்திருந்தாலும் ஒரு கடிதம் எழுதியிருப்பார், அவ்வளவுதான். ரேராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) புகார் போடலாம் என்று ஒருவர் சொன்னார். அங்கே பாதுகாப்பு, காசு கொடுத்து வாங்கும் விற்பனைப் பகுதி வீடுகளுக்கு. நமக்கு இல்லை. நமக்கான இடம் பாந்த்ரா கிழக்கில் உள்ள எஸ்.ஆர்.ஏ. அலுவலகம். சொசைட்டிக் கணக்கு பற்றிய புகாருக்கும் அங்கேயே கூட்டுறவுப் பதிவாளர் தனியாக இருக்கிறார். இது தெரியவே எனக்கு ஒரு வருடம் ஆனது.

ஒன்று மட்டும் இப்போது பரவாயில்லை. 2023 ஆகஸ்டில் வந்த சுற்றறிக்கைப்படி பில்டர் இரண்டு வருட வாடகையை முன்கூட்டியே எஸ்.ஆர்.ஏ.வில் கட்ட வேண்டும், மூன்றாம் வருடத்துக்குப் பின்தேதியிட்ட செக்குகள் தர வேண்டும். உங்கள் பில்டர் கட்டினாரா என்று சேர்மனிடம் கேட்காதீர்கள், எஸ்.ஆர்.ஏ.வில் எழுதிக் கேளுங்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமே குடிசைப் பகுதிச் சட்டம் எப்படி நடைமுறையாகிறது என்று ஆராயும்படி மும்பை உயர் நீதிமன்றத்திடம் சொன்னது. நான் ஒருவன் மட்டும் ஏமாளி இல்லை என்று அன்று கொஞ்சம் ஆறுதல்.

2020 ஜூன் முதல் 2022 டிசம்பர் வரை 31 மாத பாக்கி. 12,000 வீதம் 3,72,000 ரூபாய். தீர்மானத்தைக் காட்டி 2,48,000 என்றார்கள். 2023 தொடக்கத்தில் சாவி கொடுக்கும் நாளில் ஒரு லட்சத்துக்குச் செக்கும், "வாடகை பாக்கி முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்ற கடிதமும் சேர்ந்தே வந்தன. மீதி பிறகு என்றார்கள். சாவி மேசைமேல் இருந்தது. கல்வா வீட்டுக்காரர் அந்த மாதமே காலி செய்யச் சொல்லியிருந்தார். இந்த முறை மேல்தாளைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். போட்டது நான்தான், வேறு யாரையும் சொல்ல முடியாது. மீதி வரவே இல்லை.

வீடு 269 சதுர அடி. 2018இல் வந்த விதிப்படி 300. தாராவித் திட்டத்தில் 2000க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருந்தவர்களுக்கு 350. எங்களுடையது பழைய கணக்கு, அதில் எனக்குப் புகார் இல்லை. பராமரிப்பில்தான் புகார். மாதம் 1,500 வாங்குகிறார்கள். கணக்கு காட்டியதில்லை. ஒவ்வொரு மறுவாழ்வு வீட்டுக்கும் பில்டர் ஒரு வைப்புத்தொகை கட்ட வேண்டும், அதன் வட்டி பராமரிப்புக்கு உதவ வேண்டும் என்பது விதி. அண்ணாச்சியிடம் கேட்டால் "அப்படி ஒரு பணமே கிடையாது தம்பி" என்கிறார். இரண்டு லிஃப்டில் ஒன்று எட்டு மாதமாக நிற்கிறது. மற்றது மனம் வைத்தால் ஓடும். ஆண்டுப் பொதுக்கூட்டம் செப்டம்பர் 30க்குள் நடக்க வேண்டும் என்பது கூட்டுறவுச் சட்டம். எங்களுக்கு ஒருமுறைகூட நடக்கவில்லை.

சித்தி மகனுக்குச் சொன்னது இதுதான்: மேல்தாள் இல்லாத தாளில் போடாதே. போட்டால் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே "வருகைக்கு மட்டும்" என்று தமிழில் எழுதித் தேதி போடு, உடனே படம் எடுத்துக்கொள். செக் கையில் இருந்தால் அதன் தேதியன்றே வங்கியில் போடு, யார் தடுத்தாலும். அனெக்சர்-2 ஒட்டிய அன்றே உன் பெயரை எழுத்து எழுத்தாகப் பார், தெருவில் உள்ள வயதானவர்கள் பெயரையும் பார்.

கணக்குப் புத்தகத்தைக் காட்டும்படி போன வியாழன் சொசைட்டிக்கு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். நேற்று மாலை படிக்கட்டில் அண்ணாச்சி எதிர்ப்பட்டார். "உனக்கு என்ன ஆயிற்று தம்பி, நமக்குள்ளே எதற்கு எழுத்து?" என்றார். நான்காவது மாடி நடையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவர் வீடு ஏழாவது மாடி.