ஃபெல்கோ 2 கவாத்துக் கத்தரி: ரோஜாவுக்குச் சரி, சாமந்திக்கு விரலே போதும்

வாங்கிய மாதத்தில் எல்லாக் கவாத்துக் கத்தரியும் நன்றாகத்தான் வெட்டும். ஒரு பருவம் ஓடி, பிசின் ஏறி, நடு போல்ட் தளர்ந்து, குச்சி வெட்டுப்படாமல் இரண்டு தகட்டுக்கும் இடையில் மடியத் தொடங்கும்போதுதான் தரம் தெரியும். ஃபெல்கோ 2-ஐயும் அங்கிருந்துதான் எடைபோட வேண்டும். 1945-இல் ஸ்விட்சர்லாந்தில் தொடங்கிய நிறுவனத்தின் கத்தரி இது. நீளம் 215 மில்லிமீட்டர், எடை 240 கிராம், நிறுவனம் சொல்லும் வெட்டுத் திறன் 25 மில்லிமீட்டர். கைப்பிடி அலுமினியம், மேலே சிவப்பு உறை. கத்தி, கொக்கி, ஸ்பிரிங், போல்ட் எதையும் தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம். இதற்குத்தான் கூடுதல் காசு கொடுக்கிறோம். சுத்தமாக வெட்டினால் போதும் என்றால் இதைவிட மலிவான கத்தரிகளும் அதைச் செய்யும்.

இது பைபாஸ் வகை. வளைந்த கத்தி, பக்கத்தில் இருக்கும் கொக்கியை உரசிக்கொண்டு கடந்து போகும். அன்வில் வகையில் கத்தி ஒரு தட்டையான மேடைமேல் வந்து இறங்கும். காய்ந்த கட்டைக்கு அது பரவாயில்லை, பச்சைத் தண்டை நசுக்கிவிடும். நசுங்கிய திசு ஆறாது, அந்த இடத்திலிருந்து கருகல் கீழே இறங்கும். பூச்செடிக்குப் பைபாஸ்தான் என்பதில் விவாதமே தேவையில்லை. ஆனால் பைபாஸிலும் கொக்கி படும் பக்கம் லேசாக நசுங்கத்தான் செய்யும். அதனால் கத்தி செடியில் நிற்கப்போகும் பக்கமும், கொக்கி வெட்டி எறியும் பக்கமும் இருக்கும்படி கத்தரியைப் பிடிக்க வேண்டும். தலைகீழாகப் பிடித்தால் ஒவ்வொரு வெட்டிலும் அரை விரற்கடை மொட்டைத் துண்டு செடியில் மிஞ்சும். பக்கக் கிளையை அடியோடு எடுக்கும்போது இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

25 மில்லிமீட்டர் என்ற கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். பச்சைத் தண்டு, கத்தியின் அடிப்பகுதியில் ஆழமாக வைத்த குச்சி, வலுவான கை, இத்தனையும் சேர்ந்தால்தான் அது நடக்கும். பழைய ரோஜாவின் காய்ந்த அடித்தண்டு 15 மில்லிமீட்டரைத் தாண்டினாலே கவாத்து ரம்பத்தை எடுத்துவிடுவது நல்லது. வெட்டு நடுவில் நின்றுவிட்டால் பெரும்பாலானோர் மணிக்கட்டை இடமும் வலமுமாகத் திருகுவார்கள். எந்தக் கத்தரியும் கெட்டுப்போவது அந்தத் திருகலில்தான். கத்தி பக்கவாட்டில் வளைந்து, கொக்கிக்கும் அதற்கும் இடையே வெளிச்சம் தெரியத் தொடங்கும். நின்ற வெட்டைத் திருகாமல் கத்தரியை வெளியே எடுத்து, ரம்பத்தால் முடிக்க வேண்டும்.

இந்தக் கத்தரி தன் விலையை நியாயப்படுத்துவது ரோஜாக் கவாத்தில். செடி ஓய்வில் இருந்து, தண்டுக் கணுக்களில் இருக்கும் தளிர்மொட்டுகள் உப்பத் தொடங்கும் நேரம் சரியான நேரம். முதலில் செத்தது, நோய் பட்டது, ஒன்றோடொன்று உரசுவது, இவற்றை எடுத்துவிட வேண்டும். வளர்ந்த செடியில் 4 முதல் 6 நல்ல தண்டுகளை விட்டு, பென்சிலைவிட மெலிந்தவற்றைக் கழிக்கலாம். மிச்சத்தை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைக்கலாம். வெட்டு, வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்கு 5 மில்லிமீட்டர் மேலே, மொட்டுக்கு எதிர்ப்பக்கம் சரிவாக இருக்கட்டும். அதைவிட நெருங்கினால் மொட்டு காய்ந்துவிடும், 2 சென்டிமீட்டர் விட்டால் அந்தத் துண்டு செத்துக் கருகலுக்கு வாசல் திறக்கும். வெட்டிய முகத்தின் நடுத்தக்கை வெண்மையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழுப்பாக இருந்தால் இன்னும் ஒரு மொட்டு கீழே இறங்க வேண்டும். வெண்மை தெரியும்வரை இறங்கிக்கொண்டே போகலாம், பாவம் பார்க்க வேண்டியதில்லை. இப்படி ஒரே செடியில் முப்பது நாற்பது வெட்டு போடும்போது, குறுகிய நுனி மொட்டுக்குப் பக்கத்தில் நுழைவதும், கைப்பிடிகளுக்கு நடுவே இருக்கும் ரப்பர் திண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதும் உண்மையிலேயே உதவுகின்றன.

ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே வேரிலிருந்து கிளம்பும் காட்டு ரோஜாப் போத்துக்கு மட்டும் எந்தக் கத்தரியும் வேண்டாம். வெட்டினால் அடியில் மிஞ்சும் மொட்டுகளிலிருந்து இரண்டு மூன்றாகத் திரும்ப வரும். மண்ணை விலக்கி, கிளம்பும் இடத்திலேயே பிடித்துக் கிழித்து எடுக்க வேண்டும்.

கத்தரி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பருவம் தப்பினால் பூ போய்விடும். அதனால் வெட்டும் முன், அந்தச் செடி புதுக்குச்சியில் பூப்பதா, போன வருடக் குச்சியில் பூப்பதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். குண்டுமல்லி, செம்பருத்தி, காகிதப்பூ, திரும்பத் திரும்பப் பூக்கும் ரோஜா எல்லாம் புதுத்தளிரில் பூப்பவை. ஓய்வு முடியும் தறுவாயில் தைரியமாக வெட்டலாம். குண்டுமல்லியைத் தரையிலிருந்து 45 முதல் 50 சென்டிமீட்டர் உயரத்துக்கு இறக்கி, இலைகளையும் உருவிவிட்டால் புதுக்கிளைகள் கூட்டமாக வரும். காகிதப்பூவில் ஒரு சுற்று பூத்து முடிந்ததும் நீண்ட நுனிகளைக் கழித்தால் போதும். அசேலியா, கமேலியா, பெரிய உருண்டைப் பூ ஹைட்ரேஞ்சியா, வருடத்துக்கு ஒருமுறை மட்டும் பூக்கும் கொடி ரோஜா ஆகியவை வேறு கதை. அடுத்த பருவப் பூவுக்கான மொட்டு முந்தைய வளர்ச்சியிலேயே உருவாகிவிடும். ஓய்வுக்காலத்தில் மற்றவற்றோடு சேர்த்து இவற்றையும் மழித்துவிட்டு, ஒரு வருடம் முழுக்க இலையை மட்டும் பார்த்துக்கொண்டு உரத்தைக் குறைசொல்பவர்கள் நிறைய. இவற்றுக்குப் பூ உதிர்ந்த கையோடு கவாத்து செய்ய வேண்டும், பிறகு தொடக்கூடாது. ஹைட்ரேஞ்சியாவிலேயே கூம்புப்பூ வகை புதுக்குச்சியில் பூக்கும் என்பதால் பெயரை மட்டும் பார்த்து வெட்டக்கூடாது.

இனி, இந்தக் கத்தரி எதற்கு உதவாது என்பது. சாமந்தியின் நுனி கிள்ளுவதற்கு நகமே சிறந்த கருவி. செடி நட்டு நான்கைந்து வாரத்தில் 15 சென்டிமீட்டர் வளர்ந்ததும் நுனியை ஒருமுறை கிள்ளி, பக்கக் கிளை அதே அளவு வந்ததும் இன்னொரு முறை கிள்ளலாம், பகல் குறுகி மொட்டு கட்டும் காலம் வருமுன் நிறுத்திவிட வேண்டும். துலுக்கச் சாமந்தி, ஜினியா, காஸ்மோஸ் ஆகியவற்றில் வாடிய பூவைக் கழிப்பதற்கு 240 கிராம் கத்தரியைத் தூக்கிக்கொண்டு அலைந்தால் அரை மணி நேரத்தில் கட்டைவிரல் அடிச்சதை வலிக்கும். மெல்லிய நுனியுள்ள சிறு பூக்கத்தரி அதற்குப் பாதி எடையில் இரண்டு மடங்கு வேகம். தொட்டியில் பருவப்பூ மட்டும் வளர்ப்பவர் இதை வாங்க வேண்டியதில்லை. நாலைந்து ரோஜா, ஒரு மல்லிப்பந்தல், ஒரு காகிதப்பூ என்று கட்டைத்தண்டுச் செடிகள் இருந்தால்தான் கணக்கு சரிப்படும்.

பராமரிப்புக்கு வருவோம். கத்தி கார்பன் எஃகு. கூர் நன்றாக நிற்கும், ஆனால் துருப்பிடிக்கும். கைப்பிடி அலுமினியம் என்பதால் துரு அண்டாது என்று நினைத்து ஈரத்தோடு போட்டுவைப்பது வழக்கமான தவறு. வேலை முடிந்ததும் துணியால் துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு நடு போல்ட்டிலும், ஒரு சொட்டு கத்தியிலும் விட்டால் தீர்ந்தது. பெருங்கள்ளி, அரளி, கள்ளி வகைகளின் பால் காய்ந்துவிட்டால் கோந்து மாதிரி ஒட்டிக்கொள்ளும். உடனே ஸ்பிரிட்டால் துடைத்துவிட வேண்டும். அந்தப் பால் கையிலும் கண்ணிலும் படக்கூடாது என்பதையும் சேர்த்து நினைவில் வைக்கலாம். கத்தரித் தகட்டில் இருக்கும் சிறு பள்ளம் சாறு வழிந்தோடத்தான், அதிலும் பிசின் அடைந்திருக்கும், பழைய பல்துலக்கியால் தேய்த்தால் வந்துவிடும்.

நோய்ச்செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும்முன் 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த துணியால் இரு தகடுகளையும் துடைக்க வேண்டும். பிளீச்சிங் கரைசலும் கிருமியைக் கொல்லும், கூடவே எஃகையும் அரித்துப் புள்ளி புள்ளியாக்கும். வேறு வழியில்லாமல் அதைப் பயன்படுத்தினால் கழுவித் துடைத்து எண்ணெய் போடாமல் விடக்கூடாது.

கூர் தீட்டும்போது கத்தியின் சாய்ந்த முகத்தை மட்டும்தான் தீட்ட வேண்டும். நுண்ணிய வைர அரத்தை ஏற்கெனவே இருக்கும் சாய்வோடு, சுமார் 20 முதல் 25 பாகையில் பொருத்தி, அடியிலிருந்து நுனிவரை ஒரே திசையில் ஏழெட்டு முறை இழுத்தால் போதும். பின்பக்கம் பிசிறு எழும்பும். அதை எடுக்க அரத்தைப் பின்முகத்தில் ஏறக்குறையப் படுக்க வைத்து ஒரே ஒரு முறை லேசாக இழுக்கலாம். பின்முகத்தை உற்சாகமாகத் தேய்த்துவிட்டால் கொக்கியோடு உரசும் சமதளம் போய்விடும். அதற்குப் பிறகு எவ்வளவு கூராக்கினாலும் குச்சி மடியும். கொக்கியைத் தீட்டவே கூடாது.

மடிவது கூர் குறைந்ததாலா, போல்ட் தளர்ந்ததாலா என்று கண்டுபிடிக்க ஒரு தாள் போதும். அடியிலிருந்து நுனிவரை தாளை வெட்டிப் பாருங்கள். விளிம்பு கிழிந்து பிசிறடித்தால் கூர் போயிருக்கிறது. வெட்டாமல் தாள் உள்ளே மடிந்து போனால் இடைவெளி விழுந்திருக்கிறது. நுனியில் மட்டும் தகராறு என்றால் எங்கோ கம்பியிலோ கல்லிலோ பட்டு நுனி சிதைந்திருக்கும். இந்தக் கத்தரியில் இடைவெளியைச் சரிசெய்வது எளிது. நடு நட்டைப் பிடித்திருக்கும் பல்சக்கரத் துண்டின் சிறு திருகைக் கழற்றி, அந்தத் துண்டை எடுத்து, நட்டை ஒரு பல் அளவு மட்டும் இறுக்கி, துண்டைத் திரும்பப் பொருத்த வேண்டும். திறந்து மூடும்போது கத்தி பக்கவாட்டில் ஆடக்கூடாது, அதேசமயம் ஸ்பிரிங் தானாகவே முழுக்கத் திறக்க வேண்டும். ஸ்பிரிங் திணறினால் இறுக்கம் கூடிவிட்டது. தளர்ந்த போல்ட்டோடு ஓட்டுவதைவிட இறுக்கமான போல்ட் ஒன்றும் மேலில்லை, கை சீக்கிரம் களைக்கும்.

மாற்றுக் கத்தி கேட்கும்போது 2/3 என்றும், ஸ்பிரிங்குக்கு 2/11 என்றும் எண்ணைச் சொல்லி வாங்க வேண்டும். ஸ்பிரிங் இரண்டு முளைகளில் மாட்டியிருக்கும் தனித்துண்டு. சுத்தம் செய்யக் கழற்றும்போது தெறித்து ஓடும், புல்வெளியில் உட்கார்ந்து கழற்றாமல் ஒரு தட்டின் மேல் வைத்துக் கழற்றுவது புத்திசாலித்தனம். கொக்கிக்குப் பக்கத்தில் கம்பி வெட்ட ஒரு சிறு வெட்டுவாய் உண்டு. கொடி கட்டிய மெல்லிய கம்பிக்கு அது போதும். கத்தியின் விளிம்பில் கம்பியை வைத்துவிட்டு அப்புறம் அரம் தேடுவதில் அர்த்தமில்லை.

குறை என்றால் முதல் குறை அளவு. கைப்பிடி முழுக்கத் திறந்தால் சிறிய உள்ளங்கைக்கு எட்டாது, விரல் நுனியால் இழுத்து மூட வேண்டியிருக்கும். சிறிய கை உள்ளவர்களுக்கு அதே நிறுவனத்தின் 6 என்ற எண் பொருந்தும், அது 195 மில்லிமீட்டர். இடக்கைக்காரர்கள் 2-ஐ வாங்கிச் சமாளிக்கலாம் என்று நினைக்கக்கூடாது. பூட்டும் தாழ் எதிர்ப்பக்கம் போய்விடும், வெட்டும் கோடும் கத்திக்குப் பின்னால் மறைந்துவிடும். இடக்கைக்கு அதே நிறுவனத்தின் 9 என்ற எண் உண்டு. சிவப்பு நிறம் பச்சை இலைக்கு நடுவே கண்ணில் படும் என்பது உண்மைதான், ஆனால் கழித்த கிளைக்குவியலோடு சேர்ந்து உரக்குழிக்குள் போய்விட்டால் எந்த நிறமும் காப்பாற்றாது. இடுப்பில் ஓர் உறை மாட்டிக்கொள்ளலாம்.

போலிகளும் சந்தையில் உண்டு. கடையில் வாங்கினால் நடு நட்டைப் பாருங்கள். பல்சக்கரத் துண்டும் அதைப் பிடிக்கும் சிறு திருகும் இல்லாமல் வெறும் ஆணி அடித்து மூடியிருந்தால், மேலே என்ன பெயர் பொறித்திருந்தாலும் வேண்டாம். பழையதாக யாராவது கொடுத்தால் துருவையோ மழுங்கலையோ பற்றிக் கவலை இல்லை, இரண்டும் சரியாகிவிடும். கைப்பிடி வளையாமல் இருக்கிறதா, மூடினால் கத்தி கொக்கியை அடிமுதல் நுனிவரை ஒட்டிக்கொண்டு போகிறதா என்று மட்டும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துக்கொண்டால் போதும்.